பெரிய வாட்டர் பார்க்கா, சின்னதா? இரண்டுக்கும் போய் வந்த பிறகு

இரண்டு வாட்டர் பார்க்குகளைப் பற்றி எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். குறைகளையும் சொல்லப் போகிறேன், தவிர இந்த இரண்டு ரகமும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒன்று பெரியது, விளம்பரத்தின் முதல் வரியிலேயே எத்தனை ஸ்லைடு என்று போடுகிற ரகம். இன்னொன்றில் அதில் பாதிகூட இருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் சின்ன பார்க்தான். பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெரியதுக்குப் போங்கள்.

காரணம் உயரக் கோல். பெரிய பார்க்கில் விளம்பரத்தில் பார்த்து பிள்ளைகள் ஆசைப்படுகிற ஸ்லைடு ஒவ்வொன்றின் வாசலிலும் அது நிற்கிறது, பெரும்பாலும் 120 சென்டிமீட்டர், அதற்குக் குறைந்தால் ஏற விடமாட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் சராசரி உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான், அப்படியென்றால் அந்த வயதில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். என் மகள் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள், ஊழியர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான், அந்த வேகத்தில் வளைவில் உடம்பைக் கட்டுப்படுத்த சின்ன உடம்பால் முடியாது. ஆனால் முழு டிக்கெட் வாங்கிவிட்டு நாள் முழுக்க அண்ணன் சறுக்குவதை வேடிக்கை பார்க்கிற பிள்ளையைச் சமாதானம் செய்வது நாம்தானே? சின்ன பார்க்கில் உயரமான ஸ்லைடுகள் குறைவு, ஆனால் நான்கு பேர் ஒரே ராஃப்டில், அதாவது காற்றடைத்த மிதவையில், உட்கார்ந்து போகிற ஸ்லைடு இருக்கிறது, அதில் எங்கள் வீட்டுப் பொடிசுக்கும் இடம் கிடைத்தது. நான்கு பேருக்கும் சேர்த்து எடை வரம்பு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரிசை. பெரியதில் படிக்கட்டு முழுக்க ஆட்கள், வெயிலில் சுடுகிற சிமென்ட் மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டும், மேலே போய்ச் சறுக்கினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. சின்னதில் படிக்கட்டுக்கு மேல் கூரை போட்டு, காலுக்கு ரப்பர் பாய் விரித்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்.

ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் பெரிய பார்க்தான் மேல், இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செயற்கை அலை அடிக்கிற வேவ் பூலைச் சுற்றி உயரமான நாற்காலிகளில் லைஃப்கார்டுகள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள், கண் தண்ணீரை விட்டு நகரவில்லை. தன் பகுதியை 10 நொடிக்குள் கண்ணால் அளந்து, ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 நொடிக்குள் எட்ட வேண்டும் என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சின்ன பார்க்கில் குட்டிக் குளத்தின் ஓரம் நின்றவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார், போய்ச் சொன்ன பிறகுதான் உள்ளே வைத்தார். தண்ணீரில் மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் சத்தமே வராது. அதனால் எந்த பார்க்காக இருந்தாலும் சின்னப் பிள்ளையிடமிருந்து கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கையில் மாட்டுகிற காற்றடைத்த வளையம் விளையாட்டுச் சாமான், அது லைஃப் ஜாக்கெட் ஆகாது. சின்ன பார்க் தருகிற லைஃப் ஜாக்கெட்டுகளில் சிலவற்றுக்குக் கொக்கியே இல்லை, சொந்தமாக ஒன்று வைத்திருந்தால் எடுத்துப் போங்கள். பிள்ளைக்கு நீல நிற உடை மட்டும் வேண்டாம், தண்ணீருக்குள் இருந்தால் கண்ணில் படாது, ஆரஞ்சு மாதிரி பளிச்சென்று இருக்கட்டும். பருத்தித் துணியையும் ஜிப் வைத்த உடையையும் இரண்டு இடத்திலும் அனுமதிப்பதில்லை. வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை, ஜிப் ஸ்லைடைக் கீறும், பருத்தி ஊறிக் கனக்கும்.

தண்ணீர் விஷயத்தில் சின்னது ஜெயித்தது. குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், உண்மை நேர் எதிர். குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகிற குளோரமைன்தான் அப்படி வாடை அடிக்கும், கண் எரிச்சலுக்கும் அதுதான் முக்கியக் காரணம். பெரிய பார்க்கின் குழந்தைகள் குளத்தில் மதியத்துக்கு மேல் அந்த வாடை தூக்கலாக இருந்தது. சின்னதில் குளோரின் அளவையும் பிஎச் அளவையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பலகையில் எழுதி, நேரமும் போட்டிருந்தார்கள். நீச்சல் குளத்தில் பிஎச் 7.0 முதல் 7.8 வரை, குளோரின் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது பொதுவான கணக்கு. பலகை இல்லாத இடத்தில் குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள், கலங்கலாக இருந்தால் இறங்காதீர்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த நாளை ஒத்திப்போடுங்கள், கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் கலந்த தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும், ஊருக்கே பரவும்.

என் அம்மாவுக்குப் பிடித்தது லேசி ரிவர். டியூபில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சுற்றி வருவார், போதும். இரண்டிலும் அது இருக்கிறது, பெரியதில் நீளம் அதிகம், ஆனால் முக்கால்வாசி வெட்டவெளி. லாக்கர், உடை மாற்றும் அறை எல்லாம் இரண்டிலும் சுமார்தான்.

பெரியதுக்குத்தான் போவீர்கள் என்றால் வார நாளில், கேட் திறக்கும்போதே போய், வாசலுக்கு அருகில் இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு நேராகக் கடைக்கோடி ஸ்லைடில் இருந்து ஆரம்பியுங்கள். டிக்கெட் எடுக்குமுன் இன்று எந்தெந்த ஸ்லைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் போன நாளில் பெரிய ஸ்லைடுகளில் இரண்டு மூடியிருந்தன, விலையை மட்டும் குறைக்கவில்லை. கவுன்டரில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சொல்கிறார்கள்.