ஆச்சி வீடா, ஊட்டியா: லீவு யாருக்கு?

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பமாகிவிடும். மகளுக்கு ஊட்டி. வீட்டுக்காரருக்கு எங்கேயும் அலையாமல் சென்னையிலேயே கிடந்தால் போதும். எனக்கு அம்பாசமுத்திரம், ஆச்சி வீடு. இந்த வருஷம் சண்டை போடாமல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில், செலவு, பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா என்பதையெல்லாம் எல்லாரும் பார்ப்பார்கள். நான் கூடுதலாக ஒன்று பார்த்தேன்: அந்த லீவில் யாருக்கு லீவு?

ஆச்சி வீட்டிலிருந்தே தொடங்குகிறேன், என் மனசு அங்கேதான் கிடக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. விடிந்ததும் திருநெல்வேலியில் இறங்கி சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக பஸ். கத்திரி வெயில் தலையைப் பிளக்கும், ஆனாலும் ஆறு இருந்தது. இரண்டு பருவமழையும் பொதிகையில் விழுவதால் மே மாதத்திலும் தாமிரபரணியில் இடுப்பளவாவது தண்ணீர் ஓடும். பிசான நெல்லை அறுத்து முடித்து, அடுத்த போகமான கார் நெல் நடவு தொடங்குவதற்கு முன்னால் வயலெல்லாம் சும்மா கிடக்கும், எங்களுக்கு அதுதான் மைதானம். காலையில் பனையோலைப் பட்டையில் பதனி, அதில் நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்போம்.

வேலையும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அந்த லீவைச் சொன்னதாகவே ஆகாது. விடியக்காலம் நாலு மணிக்கு அத்தை பெரிய பானையை அடுப்பில் ஏற்றி வடகத்துக்குக் கூழ் கிண்டுவாள். பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் எல்லாம் அரைத்துச் சேர்த்திருக்கும். கூழ் ஆறுவதற்குள் தட்டட்டிக்குத் தூக்கிப் போக வேண்டும் (மொட்டை மாடிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்). பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டே போவார்கள். அதன்பிறகு காக்காய் விரட்டும் பொறுப்பு எங்களுக்கு. நடுவில் கறுப்புக் குடையை விரித்து வைத்து, கையில் கம்போடு நிழலோரம் உட்கார்ந்திருப்போம். மத்தியானம் மேலே தோல் கட்டி, உள்ளே இன்னும் குழைவாக இருக்கும்போது ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டால் உப்பும் காரமும் வெயிலும் சேர்ந்த ஒரு ருசி. எண்ணெயில் பொரித்த வடகத்தில் அந்த ருசி கிடையாது. மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். அதற்குச் சின்ன விரல்தான் வாகு என்று ஆச்சி எங்களைத்தான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் நாங்கள் விருந்தாளிகள் இல்லை, கூடுதல் ஆட்கள். பிள்ளைக்கு அது பெரிய மரியாதை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கூழைக் கிண்டியது யார் என்று அப்போது நான் யோசித்ததில்லை. பெரியம்மா, சித்தி பிள்ளைகளோடு சேர்த்து நாங்கள் பதினோரு பேர். அம்மாவுக்கு அது பிறந்த வீடு, பத்து மாசத்துக்கு அப்புறம் அங்கேதான் அவள் பகலில் தூங்குவாள். அம்மா தூங்கிய அந்த நேரத்தில் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, அடுப்படியில் நின்றாள். அவளுக்குப் பிறந்த ஊர் கடையம், பக்கத்தில்தான். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். "நீங்கள்லாம் ரயிலேறுன பொறவுதான் நான் எங்கம்மாட்ட போவேன். பள்ளிக்கூடம் தொறக்க நாலு நாள் இருக்கும்லா, அந்த நாலு நாளும் தூங்குவேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கு சொல்வதுபோலச் சொன்னாள். அதற்கப்புறம் பதனியையும் ஆற்றையும் நினைக்கும்போதெல்லாம் அந்த நாலு நாளும் கூடவே வந்து நிற்கிறது.

இப்போது ஊட்டிக்கு வருகிறேன். 1992-ல் அப்பா எங்களை ஒரே ஒரு முறை கூட்டிப்போனார், மூன்று நாள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் ஊட்டியை எட்டிய பாதை அது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 46 கிலோமீட்டர்தான், மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், 12 அடிக்கு 1 அடி. தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல் தண்டில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்துப் பிடித்து ஏறும், எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். குகை வரும்போதெல்லாம் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூச்சல் போடுவோம். அம்மா ஜன்னலோரம் ஒன்றும் பேசாமல் வந்தாள். ராத்திரி ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் எங்கள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சர்வர் வந்து எடுத்துக்கொண்டு போனார். வெறும் கையோடு அம்மா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊட்டி என்றால் தாவரவியல் பூங்காவுக்கு முன்னால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

ஆக, இந்த ஒரு விஷயத்தில் ஊட்டிதான் ஜெயிக்கிறது. அதை மறைக்கக் கூடாது. மற்றபடி இன்றைய ஊட்டியை மே மாதத்தில் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கம். மலர்க் கண்காட்சி சமயத்தில் குன்னூரிலிருந்து மேலே போவதற்குள் ஒரு தடவை எங்களுக்குப் பாதி நாள் காருக்குள்ளேயே போனது. கூட்டம் தாங்காமல்தான் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இது நல்ல ஏற்பாடு என்பதுதான் என் கட்சி, மலையும் மூச்சு விட வேண்டாமா? பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இந்த இ-பாஸ் தேவையில்லை. போவதென்றால் அப்படிப் போங்கள், காரை விட்டுவிடுங்கள்.

சென்னையிலேயே இருப்பது? நீச்சல் வகுப்பு, கீபோர்டு வகுப்பு, சாயங்காலம் பீச். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதத்தில் டிபனும் நொறுக்கும் கூடுமே தவிரக் குறையாது. என் கணக்கில் இது கடைசி.

கற்பனையில் மட்டும் போய்வந்த லீவு ஒன்றும் எனக்கு உண்டு. குற்றாலம் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் சீசன் ஜூனில்தான் தொடங்கும், பள்ளிக்கூடமும் ஜூனில்தான் திறக்கும். சாரல் விழத் தொடங்கும்போது நாங்கள் சென்னையில் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்போம். ஜூலையில் ஒரு மாதம் லீவு விட்டால் எப்படி இருக்கும் என்று சின்ன வயசில் நாள்கணக்காகக் கனவு கண்டிருக்கிறேன். இப்போது அந்தக் கனவில் அருவியைவிட ஆட்கள்தான் முக்கியமாகத் தெரிகிறார்கள்.

அதனால் இந்த வருஷம் இரண்டையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டேன். ஆச்சி போய்ப் பல வருஷம் ஆயிற்று. வீட்டில் மாமாவும் அத்தையும் மட்டும்தான். முதல் பத்து நாள் அம்பாசமுத்திரம். சமையல் நானும் வீட்டுக்காரரும், வடகத்துக்குக் காக்காய் விரட்டுவது என் மகள். அதன்பிறகு மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய், மலை ரயிலில் மூன்று நாள் ஊட்டி. அந்த ரயிலில் இடம் குறைவு, டிக்கெட்டை முன்கூட்டியே போட்டாயிற்று. பொதிகையைத் தினமும் கீழிருந்தே பார்த்து வளர்ந்தவள் அத்தை. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு மலையில்கூட ராத்தங்கியதில்லை.

போன வாரம் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்:

"ஏட்டி, அங்கன யாரு சமைப்பா?"

"யாரோ சமைப்பாங்க, அத்தை."