டிரா.ஐஓ: ஆறு வருடமும் அடங்காத கோடுகளும்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "ஆபீஸ் நெட்வொர்க்கைப் படமா போடணும். காசில்லாம நல்லதா ஒண்ணு சொல்லுங்க." அவர் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டாம் மாடியில் கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்சை மாற்றிவிட்டு, படத்திலும் அதைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, பதினோரு கோடுகளைக் கலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு வருடமாக நான் படம் போடுவது டிரா.ஐஓ என்ற இலவச வரைபட மென்பொருளில்தான். அதற்கு முன் டயா என்ற இன்னொரு இலவச மென்பொருள். சிஸ்கோ ரவுட்டர், ஸ்விட்ச் படங்கள் டயாவிலேயே இருக்கும், பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். ஆனால் 2009இல் வந்த 0.97 பதிப்பு வரிசையைத் தாண்டவே காணோம், நான் மாறிவிட்டேன். டிரா.ஐஓவுக்குக் கணக்குத் தொடங்க வேண்டாம். இணையம் எட்டாத சர்வர் அறையிலும் டெஸ்க்டாப் பதிப்பு ஓடும். சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

கோட்டுக்கு வருகிறேன். ஸ்விட்சிலிருந்து ஃபயர்வாலுக்கு (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் கருவி) கோடு இழுத்து, அதைக் குறிக்கும் பெட்டியின் விளிம்பு முழுக்க நீலமாகத் தெரியும்போது விட்டால் அது எங்கும் நிலையாக ஒட்டாது. பெட்டியை நகர்த்தினால் தனக்குத் தோதான பக்கத்துக்குத் தாவிவிடும். பச்சையாக ஒளிரும் புள்ளியில் விட்டால்தான் அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான். மேலே அப்லிங்க் (மேல்நிலைக் கருவிக்குப் போகும் இணைப்பு), கீழே பயனர் போர்ட் என்று ஒழுங்காக வரைகிறவனுக்கு இது ஆகுமா? மடிப்பில் நாமே ஒரு புள்ளி வைத்தால், பெட்டி நகர்ந்த பிறகும் அந்தப் புள்ளி பழைய இடத்திலேயே அடம்பிடிக்கும். கோடு ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். வைக்காவிட்டால் பக்கத்து வைஃபை ஆக்சஸ் பாயிண்டின் நெஞ்சைப் பிளந்துகொண்டு போகும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். போன வருடம் என் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பா? கேட்காதீர்கள். சர்வர் ரேக் கதவில் ஒட்டுவதற்காக, பிரிண்ட் எடுக்கச் சொல்லி சக ஊழியருக்கு மெயிலில் அனுப்பிய பிஎன்ஜி படம் ஒன்றுதான் மிச்சம். சும்மா அதை டிரா.ஐஓவில் இழுத்துப் போட்டேன். வி-லேன் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) எண், ஐபி முகவரி, அடுக்குகள் என்று எல்லாம் திருத்துகிற நிலையிலேயே திறந்துகொண்டன! ஏற்றுமதி செய்தபோது, வரைபடத்தின் நகலையும் படத்துக்குள் சேர்க்கிற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தால் அது படத்தைச் சுருக்கியதில் நகல் போயிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் தப்பிக்கும். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஐபி முகவரிகள் உள்ள அடுக்கை மறைத்துவிட்டு வெளியாளுக்கு அனுப்பினாலும், அந்த டிக் இருந்தால் மறைத்ததும் சேர்ந்தே போகும். அப்படி அனுப்பிவிட்டு ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

நண்பருக்கு என்ன சொன்னேன்? "பத்துப் பெட்டிதானே? வெள்ளைத் தாள், பென்சில், ஸ்கேல் எடுத்துக்கங்க. போட்ட கோடு போட்ட இடத்துல இருக்கும்."

"அப்ப நீங்க எதுல போடுறீங்க?"

"இன்னும் நாலு கோடு பாக்கி இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.