புரோட்டீன் பார்: முன்பக்க எண்ணை நம்பாதீர்கள்

உறையில் '20 கிராம் புரோட்டீன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மொத்தக் கலோரியோடு வைத்துப் பார்க்காதவரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு கிராம் புரோட்டீனுக்கு 4 கலோரி என்பதால், புரோட்டீன் கிராமை 4-ஆல் பெருக்கி, பாரின் கலோரியால் வகுத்துப் பாருங்கள். 200 கலோரியில் 20 கிராம் என்றால் 40 சதவீதம், தாராளமாக வாங்கலாம். 250 கலோரியில் 10 கிராம் என்றால் வெறும் 16 சதவீதம், அது மிட்டாய்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 'ஹை புரோட்டீன்' என்று அச்சிட 20 சதவீதமே போதும். நாங்கள் 30-க்குக் கீழே இறங்குவதில்லை. கணக்குப் போடும்போது 'ஒரு பாருக்கு' என்ற பத்தியைப் பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் '100 கிராமுக்கு' பத்தியைப் படித்துவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

அடுத்து, அந்தப் புரோட்டீன் எதிலிருந்து வருகிறது? சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். வே ஐசொலேட் (பாலின் மோரிலிருந்து பிரித்த புரோட்டீன்), பால் புரோட்டீன், சோயா ஐசொலேட் ஆகியவை முதலில் வந்தால் நல்லது. பால் கலக்காத பாரில் பட்டாணியும் அரிசியும் சேர்ந்திருக்க வேண்டும். பட்டாணியில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். கொலாஜன் அல்லது ஜெலட்டின் முதலிடத்தில் இருந்தால் வைத்துவிடுங்கள். டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லை. உறையிலுள்ள புரோட்டீன் எண்ணிக்கையை ஏற்றவும் பாரை மிருதுவாக்கவும்தான் அது உதவும்.

உண்மையான வித்தியாசம் ஒட்டுப்பொருளில்தான். புரோட்டீன் பொடி தானாக ஒட்டாது, ஏதாவது பாகு வேண்டும். பிரவுன் ரைஸ் சிரப், மரவள்ளி சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பேரீச்சை விழுது என்று நான்கு பெயரில் பிரித்துப் போட்டால் எதுவுமே பட்டியலின் உச்சிக்கு வராது. கூட்டினால் அத்தனையும் சர்க்கரை. 'சர்க்கரை இல்லை' என்ற பாரில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு) இருக்கும். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், வயிற்றையும் கலக்கும். இப்படிப்பட்ட சர்க்கரை ஆல்கஹால் 10 சதவீதத்தைத் தாண்டினால், அதிகம் தின்றால் பேதியாகலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பாவில் அச்சிட்டே ஆக வேண்டும். எரித்ரிட்டால் இவ்வளவு தொல்லை தருவதில்லை, பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு சிறுநீரில் போய்விடும். சைலிட்டால் உள்ள பாரை நாய்க்கு எட்டாமல் வையுங்கள், அதற்கு அது விஷம்.

நார்ச்சத்துப் பாகிலும் தந்திரம் உண்டு. சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து 10 கிராமுக்கு மேல் போனால் பலருக்கு வாயுவும் உப்புசமும் வரும். 'நெட் கார்ப்' என்ற எண், மொத்த கார்போஹைட்ரேட்டிலிருந்து நாரையும் சர்க்கரை ஆல்கஹாலையும் முழுதாகக் கழித்துக் காட்டுவது. மால்டிட்டாலை அப்படிக் கழிப்பது நியாயமில்லை.

சாக்லேட் பூச்சு என்று இருப்பது பல பார்களில் கோகோ வெண்ணெயே அல்ல, பனங்கொட்டை எண்ணெய். அதில் சுமார் 80 சதவீதம் நிறைகொழுப்பு. கோகோ வெண்ணெய் எழுதியிருந்தால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.

பேரீச்சையும் பருப்புகளும் மட்டும் சேர்ந்த பார் ருசியில் முந்தும். அதில் புரோட்டீன் பெரும்பாலும் 10 கிராமைத் தொடாது, அதனால் நொறுக்குத்தீனிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார் கல்லாக இறுகுவது பழமையின் அடையாளம். புரோட்டீன் நாளாக நாளாகப் பாகின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. கெட்டுப்போனது என்று பொருளில்லை. உறையைக் கழற்றி மைக்ரோவேவில் 8 முதல் 10 விநாடி வைத்தால் இளகும். வாங்கும்போதே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், வெயிலில் நின்ற காரில் விட்டுவிடாதீர்கள்.

போட்டிகளில் கலந்துகொள்ளும் விளையாட்டு வீரர்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களுக்காகச் சோதித்ததைக் காட்டும் 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' போன்ற தனிச் சோதனை முத்திரையையும் தேட வேண்டும். மற்றவர்கள் பெட்டியாக வாங்குமுன் ஒரே ஒரு பார் வாங்கித் தின்று, அன்று முழுக்க வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும்.