ஆறு டார்ச், மூன்று தீபாவளி, ஒரு பட்டன்

"டேய், அன்னைக்கு எல்லாருக்கும் டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தியே, அது எது? இந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலா நானும் அதையே கொடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்று முந்தாநாள் நண்பன் போன் செய்தான். மாடல் பெயரைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். நாற்பது நிமிடம் திட்டித் தீர்த்தேன். கடைசியில் அவன், "சரி, வாங்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லு" என்றான். அதற்குத்தான் இது.

2022 தீபாவளிக்கு ஆறு வாங்கினேன், எல்லாம் ஒரே மாடல். உள்ளங்கை நீளம், அலுமினிய உடம்பு, உள்ளே மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய 18650 ரக பேட்டரி செல் ஒன்று, டைப்-சி சார்ஜிங். கம்பெனி பெயர் வேண்டாம். தீபாவளிக்கு யாராவது டார்ச் கொடுப்பார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா அடித்ததில் அவர்கள் ஊரில் கம்பமெல்லாம் சாய்ந்து, கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. போனிலேயே டார்ச் இருக்கே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாம் நாளே அத்தை வீட்டில் இருந்த எல்லா போனும் செத்துவிட்டது, ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்றினார்கள். அப்படி ஏற்றியதை வெளிச்சத்துக்கா செலவழிப்பார்கள்? எப்படியும் தீபாவளி வருவதே ஐப்பசி மழையில்தான்.

வெளிச்சத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாமா ராத்திரியில் மோட்டார் போட வரப்பில் போகிறவர். கட்டுவிரியன் திரிகிற நேரம் அதுதான். நாலு எட்டுக்கு முன்னாலேயே அதன் மேல் இருக்கும் வெள்ளைப் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார். மூன்று வருடத்தில் ஒரு தரம் டார்ச் வாய்க்காலில் விழுந்திருக்கிறது, துடைத்துவிட்டு எரியவிட்டிருக்கிறார்.

ஆனால் அந்த பட்டன்!

இருப்பது ஒரே ஒரு பட்டன். முதல் அழுத்துக்கு முழு வெளிச்சம், இரண்டாவதுக்கு நடுத்தரம், மூன்றாவதுக்கு மங்கல், நான்காவதுக்குப் படபடவென்று மின்னும். ஐந்தாவது எஸ்.ஓ.எஸ்., கடலில் தத்தளிக்கும் கப்பல்காரனுக்கானது. மூன்று குறில், மூன்று நெடில், மறுபடி மூன்று குறில். ஆறாவது அழுத்தில்தான் அணையும். கொல்லைக்குப் போய்விட்டு வந்து விளக்கை அணைக்கப் பார்க்கும் என் அத்தை ஒவ்வொரு ராத்திரியும் ஊருக்கே ஆபத்து சைகை அனுப்பிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, டார்ச் லைட்டுன்னு சொல்லி கல்யாண வீட்டு சீரியல் செட்டையா வாங்கிக் கொடுத்த?" என்று கேட்டுவிட்டார். இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். டார்ச் முகத்தை வயிற்றோடு சேலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி அழுத்துகிறார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும், முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். எழுபத்திரண்டு வயதுக்கு இதெல்லாம் தேவையா?

தங்கை கதை வேறு. டார்ச் செத்துப்போச்சு என்று ஒரு வருடம் அலமாரியில் போட்டு வைத்திருந்தாள். போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். அவளுடைய புது சார்ஜர் கேபிளில் இரண்டு முனையும் டைப்-சி. எதிரில் இருக்கும் சாதனத்தில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பது தெரிந்தால்தான் அந்த மாதிரி சார்ஜர் கரண்ட்டே விடும். அந்தப் பொடி ரெசிஸ்டரை வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறான் செய்தவன். ஒரு முனை பழைய சப்பை யூ.எஸ்.பி.யாக இருக்கும் கேபிளைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான்தான் டார்ச் செய்தவன் போல.

என்னுடையதுக்குப் போன மாதம் செல் மாற்றினேன். கடைக்காரர் முதலில் 9900 எம்.ஏ.ஹெச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று அச்சடித்த ஒன்றை நீட்டினார். இந்த அளவில் நம்பி வாங்கக்கூடியது 3500 பக்கம்தான், அதைவிட ரொம்ப அதிகமாகப் போட்டிருந்தால் புளுகு. கையில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒழுங்கான செல் 45 கிராம் பக்கம் கனக்கும், இது காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. வேண்டாம் என்று வேறு கடையில் வாங்கினேன்.

ஆறில் ஒன்றைப் பெரியப்பா அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் இருப்பது ரெண்டு பேட்டரிக்கட்டை போடும் பழைய தகர டார்ச். மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும். நடுவில் ஒரு தடவை கட்டை ஊறி உள்ளே உப்புப் பூத்துவிட்டது. உப்புத்தாளால் ஸ்பிரிங்கைத் தேய்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். வெளிச்சம் என்னவோ மஞ்சளாக அழுதுவடியும். ஆனால் தூக்கத்தில் தலைமாட்டைத் தடவினாலும் அவர் கட்டைவிரலுக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று தெரியும். இதைத்தான் நான் 2022-லேயே யோசித்திருக்க வேண்டும். லுமன் எத்தனை, தூரம் எத்தனை என்று பார்த்தேனே தவிர, எழுந்து தடவப்போகிற விரல் யாருடையது என்று பார்க்கவில்லை.

நண்பனிடம் "வாங்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். அன்று ராத்திரி மழையில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. என் டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. கரண்ட் வந்ததும் விலையைப் பார்த்தேன், 1,400-க்கு வாங்கியது இப்போது 950. மூன்று ஆர்டர் போட்டுவிட்டேன். சித்தப்பாவுக்கு ஒன்று, பைக்கில் வைக்க எனக்கு ஒன்று, திட்டினாலும் வாங்கிக்கொள்ளட்டும் என்று அந்த நண்பனுக்கு ஒன்று. பழைய கேபிள் ஒன்றையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

அத்தைக்குப் பெரியப்பாவுடையது மாதிரி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். தள்ளுகிற ஸ்விட்ச் வைத்தது கிடைக்கிறது, ஆனால் அதிலும் இப்போது மூன்றாவதாக ஒரு நிலை வைத்திருக்கிறான். தள்ளிப் பார்த்தேன். மின்னுகிறது.