லப்டொப்பின் யூ.எஸ்.பி. போர்ட் பழுதானால்: என் நான்கு வருட அனுபவம்

"அண்ணை, என்ர பென்ட்ரைவ் காட்டேல்லை."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன ரைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். இந்த வசனத்தைக் கேட்காத நாள் குறைவு. கம்பஸ் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரையோடு வருவார்கள், ரியூசன் மாஸ்டர்மார் வினாத்தாளோடு வருவார்கள், எல்லாருடைய கையிலும் ஒரு பென்ட்ரைவ். 2021 ஜனவரியில் வாங்கிய ஒரே லப்டொப்தான் இவ்வளவுக்கும் ஈடு கொடுத்தது. இடப்பக்கம், உள்ளே நாக்கு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகடு நீலமான போர்ட் இரண்டு, வலப்பக்கம் கறுப்பு நாக்குள்ளது ஒன்று. மூன்றும் பழுதாகின, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதனால்தான் எழுதுகிறேன். போர்ட் வேலை செய்யவில்லை என்றதும் மதர்போட் (லப்டொப்பின் முதன்மைப் பலகை) போய்விட்டது என்று பயந்து காசைக் கொட்டுகிறவர்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் பிரச்சினை 2022 மார்ச் கடைசியில் வந்தது. ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம். கரண்ட் உள்ள நேரத்தில் சார்ஜ் ஏற்றிவிட்டு, இல்லாத நேரத்தில் பற்றரியில் ரைப் பண்ணுவேன். வலப்பக்கத்தில் செருகிய மவுஸ் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் செத்துவிடும், கழற்றிச் செருகினால் உயிர் வரும். சார்ஜர் போட்டிருக்கும்போது இந்தக் குறை இல்லை. அதை வைத்துத்தான் பிடித்தேன். பற்றரியை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. சாதனத்தை விண்டோஸ் உறங்க வைக்கிறது. சில மவுஸ்கள் அந்த உறக்கத்தில் இருந்து ஒழுங்காக எழும்புவதில்லை. பவர் ஒப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பென்ட்' என்பதை நிறுத்தினேன். டிவைஸ் மனேஜரில் ஒவ்வொரு 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்'பையும் திறந்து, பவர் மனேஜ்மென்ட் பகுதியில் இருந்த சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஷட்டவுன் பண்ணிப் பார்த்தேன், சரிவரவில்லை என்று பலர் சொல்வார்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' போட்டிருக்கும் விண்டோஸ், ஷட்டவுன் செய்தாலும் தன் உள்நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த தடவை அதிலிருந்தே எழும்பும். குழம்பிய டிரைவரும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அப்படியே கூட வரும். அதனால் முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள். என் இடப்பக்கப் போர்ட் இரண்டு தடவை இப்படியே மீண்டிருக்கிறது.

இரண்டாவது பழுதுக்கு ஊர்க் காற்றுக்கும் பங்கு உண்டு. 2023 ஆடி மாதம், சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் செம்மண், கதவைத் திறந்தால் மேசை சிவந்துவிடும். நீலப் போர்ட் ஒன்றில் பென்ட்ரைவ் வேலை செய்தது, ஆனால் அரை நிமிடத்தில் ஏறும் வீடியோ இரண்டு மூன்று நிமிடம் எடுத்தது. பென்ட்ரைவ்தான் பழுது என்று நினைத்தேன். பக்கத்துப் போர்ட்டில் செருகினால் பழைய வேகம் வந்தது.

பென்ட்ரைவின் வாயைக் கவனமாகப் பார்த்தால் முன்னால் நான்கு பித்தளை நிறக் கீற்றுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் கொஞ்சம் நீளம். அவை மின்சாரத்துக்கு. தரவு போகும் நடுக் கீற்றுகளுக்கு முதல் அவை தொடவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மவுஸில் லைட் எரிந்தும் கணினி அதைக் காணாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்: மின்சாரம் போகிறது, நடுக் கம்பி தொடவில்லை. நீல நாக்குள்ள, வேகம் கூடிய யூ.எஸ்.பி. 3.0 என்றால் இன்னும் ஐந்து தொடுமுனைகள் கூடுதலாக இருக்கும். அந்த ஐந்தில் தூசி அடைத்தால் போர்ட் பழைய 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும், மற்றப்படி வேலை செய்யும். என்னுடையதில் நடந்தது அதுதான்.

லப்டொப்பை நிறுத்தி, ஒரு தென்னோலை ஈர்க்கை மெல்லியதாகச் சீவி, நாக்கின் இரண்டு பக்கமும் மெதுவாக வழித்தேன். செம்மண்ணும் துணி நூலும் உருண்டையாக வந்தன. அப்புறம் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட சின்னப் பிரஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். ஊசி, சேப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். 5 வோல்ட் கம்பியும் போர்ட்டின் உலோகக் கூடும் அதனூடாகத் தொட்டுக்கொண்டால் பிறகு உண்மையாகவே மதர்போட் வேலைதான்.

மூன்றாவதுதான் பெரியது. 2024 நடுப்பகுதியில், மற்ற நீலப் போர்ட்டில் செருகியிருந்த பென்ட்ரைவில் ஒரு தம்பியின் பை இடிபட்டது. அடுத்த நாளில் இருந்து அந்தப் போர்ட்டில் எது செருகினாலும் வருவதும் போவதுமாக இருந்தது. மேலே சொன்ன எல்லாம் செய்தேன். கடைசியில் விண்டோஸ் தொடங்க முதல் பயோஸுக்குள் (லப்டொப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய், அதே போர்ட்டில் கீபோர்ட்டைச் செருகிப் பார்த்தேன். அங்கேயும் விட்டு விட்டுத்தான் பிடித்தது. விண்டோஸே இல்லாத இடத்திலும் பழுது என்றால் டிரைவரில் பிழை தேடிப் பயனில்லை. ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்கிறேன்.

காட்டிய முதல் கடையில், கழற்றிப் பார்க்காமலே மதர்போட் மாற்றவேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. பிறகு கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். கழற்றி, லென்ஸை என் கண்ணில் வைத்தார். "இஞ்ச பாரும் தம்பி, ஈயம் வெடிச்சுப் போச்சு." போர்ட்டின் காலைச் சுற்றி முடி அளவில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. போர்ட்டை மட்டும் மாற்றி ஒட்டினார், 3,500 ரூபாய். வலப்பக்கப் போர்ட் மதர்போட்டிலேயே இல்லை, ஒரு குட்டிப் பலகையில் இருந்து தட்டை வயரால் இணைகிறது என்றும் காட்டினார். அப்படி அமைந்த லப்டொப் என்றால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம்.

ஐயா சொன்ன இன்னொன்றும் எனக்குப் பெரிய உதவி. வழக்கமான ஏ வகைப் போர்ட்டை 1,500 தடவை செருகிக் கழற்றினால் தாங்கவேண்டும் என்ற அளவில்தான் தரம் வகுத்திருக்கிறார்கள். சி வகைக்கு அது 10,000. என் கடையில் நாளுக்கு 15 பேர் என்று வைத்தாலும் 100 நாளில் 1,500 ஆகிவிடும். அன்றே ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிச் செருகிவிட்டேன். பென்ட்ரைவ் எல்லாம் அதன் நுனியில்தான் போகின்றன. தேய்ந்தால் தேய்வது வயர், இடிபட்டாலும் வளைவது வயர். வெளி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நேரே லப்டொப்பில் செருகுகிறேன். அதற்கு மின்சாரம் கூடத் தேவை, மெல்லிய வயரில் வோல்ட் குறைந்தால் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும்.

ஒன்றரை வருடத்தில் வயரை ஒரு தடவை மாற்றினேன். ஐயா ஒட்டிய போர்ட் ஆடாமல் இருக்கிறது.