கேம்பிரிட்ஜ் படிகத் தரவுத்தளம்: இலவசமாக எவ்வளவு கிடைக்கும், எதில் கவனம் வேண்டும்

ஒரு கரிமச் சேர்மத்தின் பிணைப்பு நீளம் என்ன, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று தெரிய வேண்டுமா? முதலில் தேட வேண்டிய இடம், அளந்து கண்டறிந்த படிக அமைப்புகளைத் திரட்டி வைத்திருக்கும் கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவுத்தளம். 1965-இல் இதைத் தொடங்கியவர் ஓல்கா கென்னார்ட். 1924-இல் புடாபெஸ்டில் பிறந்து, 1939-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்து, கேம்பிரிட்ஜில் படித்த படிகவியலாளர். தனித்தனி ஆய்வுகளில் புலப்படாதது, எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் புலப்படும் என்று அவரும் படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னாலும் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலித்தது. கார்பனோடு இணைந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளுமா என்பது நெடுநாள் சர்ச்சை. 1982-இல் ராபின் டெய்லரும் கென்னார்டும் நியூட்ரான் கதிரால் கண்டறியப்பட்ட 113 அமைப்புகளை அலசி, கொள்ளும் என்று காட்டினார்கள். ஒற்றைப் படிகத்தை வைத்து அந்த வழக்கைத் தீர்த்திருக்க முடியாது.

2019-இல் இதில் 10 லட்சமாவது அமைப்பு சேர்ந்தது. புரதங்களை இங்கே தேட வேண்டாம். அவற்றுக்குப் புரதத் தரவு வங்கி தனியாக இருக்கிறது.

இலவச வசதியே ஒரு மாணவருக்குத் தாராளம். ஆய்வுக் கட்டுரையில் தரப்பட்ட பதிவு எண்ணையோ கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணையோ இணையதளத்தில் கொடுத்தால், அமைப்பைச் சுழற்றிப் பார்க்கலாம், அமைப்பின் விவரங்கள் எல்லாம் அடங்கிய சிஐஎஃப் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஆறெழுத்துக் குறியீடு உண்டு. பின்னால் இரண்டு இலக்கம் இருந்தால் அதே சேர்மத்தை மறுபடி அளந்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய அளவீட்டோடு நின்றுவிடாமல் அந்த வரிசை முழுவதையும் பாருங்கள். ஆனால் வேதிக் கட்டமைப்பின் ஒரு துண்டை வரைந்து, அது இருக்கும் எல்லாச் சேர்மங்களையும் தேட உரிமம் வேண்டும். இந்தச் சேவையின் உண்மையான பலமே அந்தத் தேடலில்தான் இருக்கிறது. உரிமம் இல்லாதவருக்கு இது பெரிய குறைதான்.

கோப்பைத் திறக்க மெர்குரி மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். படிக அமைப்பிலிருந்து தூள் எக்ஸ்-கதிர் வரைபடத்தை, அதாவது தூள் எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிரைச் சிதறடிக்கும் என்ற படத்தை, கணக்கிட்டுத் தரும் வசதி அதில் மிகவும் பயன்படும். அதை நீங்கள் அளந்த வரைபடத்தோடு ஒப்பிடலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒற்றைப் படிகத்தைப் பெரும்பாலும் 100 கெல்வினில் அளப்பார்கள். தூளை அறை வெப்பநிலையில் அளப்பார்கள். குளிரில் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி) பொதுவாகச் சுருங்குவதால், கணக்கிட்ட முகடுகள் அதிகக் கோணத்துக்கு நகர்ந்து நிற்கும். அதைப் பார்த்து வேறு படிக வடிவம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அலைநீளம் உங்கள் கருவியோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தாமிரக் கதிருக்கு 1.5406 ஆங்ஸ்ட்ராம். முகடுகளின் இடம் பொருந்தி உயரம் மட்டும் பொருந்தாவிட்டால், ஊசியாகவோ தட்டையாகவோ இருக்கும் துகள்கள் ஒரே திசையில் படுத்திருக்கலாம். நன்றாக அரைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தை அப்படியே நம்ப வேண்டாம். எக்ஸ்-கதிர் காண்பது எலக்ட்ரான் அடர்த்தியை. ஹைட்ரஜனிடம் உள்ள ஒரே எலக்ட்ரானும் பிணைப்பின் பக்கம் சாய்ந்திருப்பதால், கார்பன்–ஹைட்ரஜன் நீளம் 0.95 ஆங்ஸ்ட்ராம் அளவில் குறுகித் தெரியும். நியூட்ரான் அளவீட்டில் அது ஏறத்தாழ 1.09. ஹைட்ரஜன் பிணைப்பை அளக்கும் முன் மெர்குரியில் ஹைட்ரஜன் நீளங்களை நியூட்ரான் மதிப்புக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். சில பழைய பதிவுகளில் ஹைட்ரஜனே இருக்காது, இன்னும் சிலவற்றில் அணுக்களின் இடத்தைச் சொல்லும் ஆயங்களே இருக்காது.

உரிமம் உள்ளவர்கள் பல அமைப்புகளின் சராசரி எடுக்கும்போது ஆர் மதிப்பு (அமைப்பு அளவீட்டோடு எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 5 விழுக்காட்டுக்குள் இருப்பவை, அணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிதறியிருக்கும் ஒழுங்கின்மை இல்லாதவை, பிழை குறிக்கப்படாதவை என்று வடிகட்டிக்கொள்வது அவசியம். ஆர் மதிப்பு மட்டும் போதாது. கரைப்பான் இருந்த இடத்தின் எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிலிருந்து நீக்கினாலும் அந்த மதிப்பு இறங்கிவிடும். அப்படி நீக்கியிருந்தால் பெரும்பாலும் சிஐஎஃப் கோப்பிலேயே குறிப்பு இருக்கும், படித்துவிடுங்கள்.

அமைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. அனுப்பும் முன் சிஐஎஃப் கோப்பில் பிழை தேடும் செக்சிஐஎஃப் சோதனையில் ஓட்டி, மிகக் கடுமையான ஏ நிலை எச்சரிக்கை வந்தால் முதலில் அதைத் தீருங்கள். பிரதிபலிப்புத் தரவையும், அதாவது படிகம் சிதறடித்த கதிர்களின் அளவீடுகளையும், சேர்த்தே அனுப்புங்கள். கட்டுரையாக வராத அமைப்பையும் தனிப் பதிவாக இங்கே வெளியிடலாம், அதற்கும் டிஓஐ கிடைக்கும்.