கடலோர வீட்டில் ஏசி: திருவொற்றியூரிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

2018-ல் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, காப்பர் காயில், குளிரூட்டும் கேஸ் ஆர்-32. இன்றைக்கும் மே மாத மதியத்தில் அறையைச் சட்டென்று குளிர வைக்கிறது. வீடு காலடிப்பேட்டை பக்கம், இரண்டாவது மாடி. கிழக்கே கன்டெய்னர் லாரி ஓயாத எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, அதைத் தாண்டினால் கடல். எங்கள் தெருவிலேயே இதற்குப் பின்னால் வாங்கிய ஏசிகள் சில காயில் ஓட்டை விழுந்து பழைய இரும்புக்குப் போய்விட்டன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எல்லாரும் ஃபில்டரைப் பற்றியே பேசுகிறார்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு வெளியே மாட்டும் பெட்டியை, அதாவது அவுட்டோரைத்தான். அதன் பின்பக்கம் செம்புக் குழாயைச் சுற்றி மெல்லிய தகடுகளாக இருக்கும் அலுமினிய ஃபின்களை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். முற்றிவிட்டால் விரல் பட்டாலே ஃபின் உதிரும். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஃபின் போனால் சூடு வெளியேறாது; கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும், கரண்ட் பில் ஏறும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து ரேட் மாறிவிடுகிறது. அந்த எல்லையில் நிற்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

நாங்கள் செய்வது எளிமையானதுதான். மாதம் ஒருமுறை ஏசிக்குக் கரண்ட் போகும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, தோட்டத்து ஹோஸில் சாதாரணத் தண்ணீரை மெதுவாக விட்டு ஃபின்களை மேலிருந்து கீழாகக் கழுவுகிறோம். கண்டிப்பாக நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் போர் வைத்திருப்பவர்கள் அதில் கழுவினால் பிரயோஜனமே இல்லை. ஜெட் பம்பை நேராகக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும். சிலர் ஆசிட் கலந்து அடித்துப் பளபளவென்று காட்டுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள், ஆசிட் அலுமினியத்தையே தின்றுவிடும். அவுட்டோர் நிற்கும் ஸ்டாண்டின் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். துரு தின்ற ஸ்டாண்டோடு அவ்வளவு எடை தெருவுக்கு மேலே தொங்குவது ஆபத்து.

இன்டோர் ஃபில்டரை இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. லாரிப் புகையால் வரும் அழுக்கு கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும்; தட்டினால் போகாது. வெதுவெதுப்பான தண்ணீர், துளி பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பிரஷ் போதும். நிழலில் காயவைத்து முழுக்க உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ட்ரெயின் பைப்பில் தண்ணீர் நிறையவே வரும். பைப்பில் வழுவழுவென்று பாசி சேர்ந்து அடைத்துக்கொண்டால் இன்டோருக்குக் கீழே சுவர் நனையும். நாங்கள் வெளிமுனையில் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்போம். ஒருமுறை ஜெல்லி போல ஒரு முழ நீளத்துக்கு வந்தது, நாற்றம் தாங்கவில்லை. ராத்திரி ஏசியை அணைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் உலர்ந்து, அந்த முடை நாற்றமும் குறையும்.

அப்புறம் கேஸ் விவகாரம். ஒரு சர்வீஸ் ஆள் வந்து, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்" என்றார். அடுத்த கோடையிலும் அதே வசனம். ஓடும் ஏசியில் கேஸ் செலவாவதே இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். வேறொரு மெக்கானிக்கை அழைத்தோம். அவர் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் பார்த்தார், மூட்டுகளில் சோப்பு நுரை தடவினார். இன்டோர் பக்கத்தில் பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் சின்னச் சின்னதாய் குமிழி வந்தது. பைப் முனையை வெட்டிப் புதிதாக விரித்து ஃப்ளேர் செய்து, வாக்குவம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து கேஸ் ஏற்றினார். அதற்குப் பிறகு கேஸ் பேச்சே வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வருபவரிடமும் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லிவிட்டு, பிறகு பணம் கொடுங்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. உள்ளே கேஸ் இருக்கும்போது வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வருடாந்திர வாட்டர் சர்வீஸும் தேவைதான், ஏனென்றால் இன்டோரில் காற்றைத் தள்ளும் ப்ளோயருக்குள் படியும் அழுக்கு நம் கைக்கு எட்டாது. தண்ணீர் படாமல் எலக்ட்ரானிக் போர்டைப் பாலித்தீன் போட்டு மூடுகிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் கடைக்காரரிடம் அவுட்டோர் காயிலுக்கும் துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். இன்டோரில் மட்டும் பூசியிருந்தால் இங்கே பயனில்லை. மாட்டும்போது கடற்காற்று நேராக அடிக்காத சுவரைப் பாருங்கள், பக்கத்தில் ஒரு ஜன்னலோ பால்கனியோ இருக்கட்டும். கை எட்டாத இடத்தில் மாட்டிய அவுட்டோரை யாரும் மாதாமாதம் கழுவப்போவதில்லை.